கோபுரம் அருகே, இணையம் தொலைவே

கேள்வி: தோட்டத்துக்கு எதிரிலேயே கோபுரம் நிற்கிறது, ஆனாலும் வீட்டுக் கம்பியில்லா இணையம் பகலில் ஓடுகிறது, இரவு எட்டுக்கு மேல் தவழ்கிறதே, ஏன்?
(வாசகர், தெமியாங்)

பதில்: ஒரே அலைவரிசையை வட்டாரத்துக் குடும்பங்கள் யாவும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்க, எல்லாரும் ஏககாலத்தில் படம் பார்க்கமாட்டார்கள் என்ற அபார நம்பிக்கையின்மீதே இத்தகைய சேவைகள் திட்டமிடப்படுவதால், இரவு எட்டு மணி அந்நம்பிக்கைக்குப் பரம சத்துருவாகிவிடுகிறது. கோபுரத்தின் சமீபம் அலையின் பலத்துக்குச் சாட்சியேயன்றி, அதிலுள்ள இடவசதிக்குச் சாட்சியன்று. 700 மெகாஹெர்ட்ஸ் அலை பால்மரக்காட்டையும் செம்பனையையும் ஊடுருவி வெகுதூரம் செல்லும் சுபாவமுடையதாயினும் அதன் அகலம் சொற்பம். 2008-இல் மலேசியாவில் வைமாக்ஸ் என்னும் கம்பியில்லா இணையச் சேவை வந்திறங்கிய 2.3 கிகாஹெர்ட்ஸும், இன்று ஐந்தாம் தலைமுறை (5ஜி) சேவைக்குரிய 3.5 கிகாஹெர்ட்ஸும் விசாலமானவைதாம், ஆனால் மழையில் நனைந்த இலைக்கூட்டத்தைக் கண்டால் சோர்ந்துவிடுபவை. இதில் விசேஷம் யாதெனில், அலை மங்கிய வீடொன்று அதே படத்தைப் பெறுவதற்குப் பன்மடங்கு நேரம் கோபுரத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால், அதன் கஷ்டம் அண்டை வீடுகளுக்கும் பிரசாதமாகிறது. ஆகவே தங்கள் மோடத்தை அலமாரிக்குள்ளிருந்து ஜன்னலோரத்துக்கு மாற்றுவதோடு, பக்கத்து வீட்டாரையும் கூரைமேல் ஓர் ஆன்டெனாவைக் கோபுரம் நோக்கி நிறுத்தச் சொல்லுங்கள். அவர்மீதுள்ள அன்பினாலன்று, சுயநலத்தினால்!