ரெய்டு எப்போது சார்?

ஒரு வாசகி, கோவில்பட்டி
கே: பி.ஏ. தமிழ் படித்திருக்கிறேன். வருமான வரித் துறை வேலைக்கு பி.காம். கட்டாயமா?

ப: எந்தப் பட்டமானாலும் சரி. இன்ஸ்பெக்டர், டாக்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு எஸ்.எஸ்.சி.யின் சி.ஜி.எல். தேர்வு. நேரே அசிஸ்டென்ட் கமிஷனர் நாற்காலி வேண்டுமென்றால் யு.பி.எஸ்.சி.யின் சிவில் சர்வீஸ் தேர்வு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கட்டாய இங்கிலீஷ் தாள் நீங்கலாக, யு.பி.எஸ்.சி. மெயின் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். அதைவிடச் சின்ன வேலைக்கான சி.ஜி.எல். வினாத்தாள் இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டும்தான். நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள். முதலில் ஒரு கிராமர் புத்தகம் வாங்குங்கள்.

ஒரு கல்லூரி மாணவர், ஈரோடு
கே: டாக்ஸ் அசிஸ்டென்டுக்கு டைப்பிங் டெஸ்ட் கடினமா?

ப: 15 நிமிடத்தில் 2000 முறை கீயைத் தட்ட வேண்டும். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் காட்டும் வேகம் செல்லாது.

ஒரு வாசகர், தூத்துக்குடி
கே: கஸ்டம்ஸ் பிரிவென்டிவ் ஆபீசருக்கு ஓட வேண்டுமாமே?

ப: நடந்தால் போதும். ஆண்கள் 15 நிமிடத்தில் 1600 மீட்டர், பெண்கள் 20 நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர். நடைதானே என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். ஆண்களுக்கு அது மணிக்கு ஏறக்குறைய ஆறரை கிலோமீட்டர் வேகம். ஊர்வம்பு பேசிக்கொண்டே போனால் எட்டாது.

ஒரு பட்டதாரி, சேலம்
கே: யு.பி.எஸ்.சி. எழுதி ஐ.ஆர்.எஸ். ஆனால் முதல் ரெய்டு எப்போது சார்?

ப: சினிமா பார்த்த கையோடு எழுதிய கேள்வி! முதலில் ஃபவுண்டேஷன் கோர்ஸ். பிறகு நாக்பூரில் 1957இல் தொடங்கிய நேரடி வரிகள் தேசிய அகாடமியில் ஓராண்டுக்கும் மேல் பயிற்சி. பூடான் அரசு அதிகாரிகளும் அங்கே நம்மவர்களோடு உட்கார்ந்து படிப்பதுண்டு. பீரோ உடைக்கவா படிக்கிறார்கள்? சட்டமும் கணக்கும்தான்.

ஒரு பாத்திரக் கடையின் கேஷ் புக் உங்கள் மேஜைக்கு வருகிறது என்று வையுங்கள். ஆண்டு மொத்தம் அழகாக டேலி ஆகிறது. நாள் வாரியாகக் கூட்டிப் பார்க்கிறீர்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை கையிருப்பு 3,000 ரூபாய், அன்று வரவு 4,500, செலவு 9,000. கல்லா காலியாகலாம். கல்லாவில் மைனஸ் 1,500 இருக்குமா? கணக்கில் ஏறாத ரொக்கம் எங்கிருந்தோ வந்திருக்கிறது. கணக்குப்பிள்ளை தேதி மாற்றி எழுதியும் இருக்கலாம். அதையும் கடைக்காரரிடம் கேட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

முடிவுக்கு வந்தால் மட்டும் போதுமா? காரணம் சொல்லி ஆர்டர் எழுத வேண்டும். கமிஷனர் அப்பீல், டிரிப்யூனல், ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட் என்று அது படியேறும். பதில் சொல்ல அவகாசமே தரவில்லை என்று மேலே யாராவது அதை ரத்து செய்தால், கண்டுபிடித்த மைனஸ் அத்தனையும் வீண். அப்பீலில் நிற்கிற ஆர்டர் எழுதுகிறவரைத்தான் நான் நல்ல அதிகாரி என்பேன். கதவைத் தட்ட யாருக்கும் தெரியும்.

ஒரு வாசகர், ராமநாதபுரம்
கே: கஸ்டம்ஸ், ஜி.எஸ்.டி. அதிகாரிகளுக்குப் பயிற்சி கடற்கரையில்தானே?

ப: ஆந்திராவின் பாலசமுத்திரத்தில். 2024 ஜனவரியில் புது அகாடமி திறந்தார்கள். பெயரில்தான் சமுத்திரம், ஊர் இருப்பது ராயலசீமாவில்.

ஒரு வாசகர், கும்பகோணம்
கே: சித்தப்பா வைத்திருந்த வருமான வரிச் சட்டப் புத்தகங்கள் பரண் நிறைய இருக்கின்றன. அதைப் படித்தால் போதுமா?

ப: அவை 1961ஆம் ஆண்டுச் சட்டம். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவது 2025ஆம் ஆண்டுச் சட்டம், 536 பிரிவுகள். முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்று தலை சுற்ற வைத்த இரட்டையரை அனுப்பிவிட்டு, 'வரி ஆண்டு' என்று ஒன்றே வைத்துவிட்டார்கள். ஆனாலும் பழசை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பழைய ஆண்டுகளின் வழக்குகள் பழைய சட்டப்படிதான் நடக்கும், அவை அவ்வளவு சீக்கிரம் தீராது.

ஒரு இல்லத்தரசி, மதுரை
கே: மகளுக்கு இன்கம்டாக்ஸ் மாப்பிள்ளை வந்திருக்கிறது. அவர்களுக்கு வரி கிடையாதாமே?

ப: யார் சொன்னது? சம்பளம் கைக்கு வருமுன்பே வரியைப் பிடித்துவிடுவார்கள். அதிகாரி என்றால் வீடு, நிலம் என்னென்ன இருக்கிறது என்று ஆண்டுதோறும் ஜனவரி 31க்குள் அரசுக்கு எழுதித் தரவும் வேண்டும். நீங்கள் தரகரிடம் விசாரிக்கிற எல்லாவற்றையும் அரசு முன்பே கேட்டுவிடும்.

ஒரு தகப்பனார், திண்டிவனம்
கே: 5 லட்சம் கொடுத்தால் மகனுக்கு இன்கம்டாக்ஸில் வேலை வாங்கித் தந்து, டிரெயினிங்கும் தானே தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

ப: ஐயா, வேண்டவே வேண்டாம். 1987இல் மும்பையில் ஒருவன் பேப்பரில் விளம்பரம் கொடுத்து, பெரிய ஹோட்டலில் இன்டர்வியூ நடத்தி, இளைஞர்களை அதிகாரி வேலைக்கு எடுத்தான். பயிற்சி என்று நம்பவைத்து அவர்களை நகைக்கடைக்கு சி.பி.ஐ. ரெய்டு என்று கூட்டிப்போனான். நகையோடு அவன் மறைந்தான், பையன்கள் கடையில் நின்றார்கள். 'தானா சேர்ந்த கூட்டம்' படம் இதைத் தொட்டு வந்ததுதான்.

சி.ஜி.எல். வேலைகளுக்கு 2016 முதல் இன்டர்வியூவே கிடையாது. சிபாரிசுக்கு ஆளே இல்லாத இடத்தில் அந்த 5 லட்சம் யாருக்கு? விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய். பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் அதுவும் இல்லை.