எம் மூஞ்சிச் சுருக்கத்தை விட்டுரும், மருமகனே

வாரும் மருமகனே, அந்த நார்க்கட்டில்ல உக்காரும். கேமராப் பையைத் தரையில வைக்காதேயும், கோழி கிண்டிரும். லென்சு என்ன விலைன்னு மட்டும் இங்க வச்சு வாயைத் திறந்துராதேயும். உம்ம அத்தை காதுல விழுந்துச்சுன்னா, அந்தத் துட்டுக்கு எத்தனை ஆடு வாங்கலாம்னு ராத்திரி பூரா கணக்குப் போடுவா. எனக்குத் தூக்கம் போயிரும்.

அம்பது வயசுக்கு மேல வி.ஏ.ஓ. வேலைக்குக் கும்பிடு போட்டுட்டு, பட்டணத்துல மீசை முளைக்காத பிள்ளைகளோட ஒரே பெஞ்சுல உக்காந்து போட்டோப் படிப்பு படிச்சிட்டு வந்திருக்கீரு. ஊரு சிரிச்சுச்சு. நான் கொஞ்சம் சத்தமாவே சிரிச்சேன். அந்தப் பிள்ளைக உம்மை ‘அங்கிள்’னு கூப்பிட்டு, மரியாதையா டிரைபாடைத் தூக்க விட்டாங்களாமே? பரவாயில்ல. ஒரு பிர்காவையே நடுங்க வச்ச தோளுக்கு அதுவும் ஒரு அனுபவம்.

இப்ப வந்து மூணு கேள்வி கேக்கீரு. கைவேலை தேறுமா, எனக்குன்னு ஒரு ஸ்டைல் எப்ப வரும், இதை வச்சு மேல வர முடியுமா. சோசியனை விட்டுட்டு என்கிட்ட வந்தது சரிதான். வாலிபத்துல மதுரையில ஒரு ஸ்டூடியோவுல செவப்பு பல்பு வெளிச்சத்துல ஹைப்போ கலக்கினவன் நான். அதை விடப் பெரிய தகுதி ஒண்ணும் இருக்கு. இந்தத் தாலுகாவுலேயே அதிகமாப் படம் பிடிக்கப்பட்ட மூஞ்சி என் மூஞ்சிதான்.

கைவேலையைச் சட்டுன்னு முடிச்சிருவோம். ‘உள்ள பார்த்தா எல்லாம் மங்கலாத் தெரியுது மாமா, லென்சை மாத்தணும் போல’ன்னு போன தடவை பொலம்பினீரே, வியூஃபைண்டர் ஓரத்துல ஒரு சின்னத் திருகு இருக்குல்லா, டயாப்டர்னு பேரு, அதைத் தொட்டுப் பார்த்தீரா? வெள்ளெழுத்து வந்த மனுசன் முதல்ல திருக வேண்டியது அதைத்தான். கூடப் படிச்ச பொடியங்களுக்கு அது எதுக்குன்னே தெரியாது, அதனால ஒருத்தனும் சொல்லியிருக்க மாட்டான். கெட்டுப் போனது உம்ம கண்ணு, லென்சு இல்ல.

அடுத்தது நீரு எடுத்த அந்தக் கோயில் கொடைப் படம். கருத்த மனுசன், வெள்ளை வேட்டி, உச்சி வெயிலு. நாட்டாமைக்கு மூஞ்சியே இல்ல, வேட்டி மட்டும் தனியா நடந்து வருது. கேமராவுக்குள்ள இருக்கிற மீட்டருக்கு வெள்ளையும் ஆகாது, கறுப்பும் ஆகாது. எதைக் காட்டினாலும் நடுவாந்திரச் சாம்பலாக்கப் பார்க்கும். வேட்டி பாதிப் படத்தை அடைச்சுக்கிட்டா, அடேயப்பா இம்புட்டு வெளிச்சமான்னு அது குறைச்சிரும், மூஞ்சி இருட்டுக்குள்ள போயிரும். நீரு கூட்டி வச்சா மூஞ்சி வரும், வேட்டி வெளிறி மடிப்பெல்லாம் காணாமப் போயிரும். இதுக்குப் போயி கம்ப்யூட்டர்ல மருந்து தேடாதேயும். ஆளை வேப்ப மரத்து நிழலுக்குள்ள ரெண்டு எட்டு நகத்தும். திண்ணை இருந்தா இன்னும் நல்லது. எங்க முதலாளி ஸ்டூடியோவுக்கு வடக்குப் பார்த்துக் கண்ணாடி ஜன்னல் வச்சது வாஸ்துக்காக இல்ல. இல்ல, வெயில்லதான் எடுப்பேன்னு அடம்பிடிச்சா, எஃப் 16ல வச்சு, ஐ.எஸ்.ஓ. 100க்கு ஷட்டர் 125. மீட்டர் இல்லாத காலத்துக் கணக்கு அது. நம்ம கரிசக்காட்டு வெயில் அந்தக் கணக்கைக் காப்பாத்திக்கிட்டுத்தான் இருக்கு.

எங்க காலத்துல 120 ரோல்ல பெரிய சதுரப் படம் எடுத்தா மொத்தமே 12. நீரு ஒரு காதுகுத்துக்கு ரெண்டாயிரம் தட்டுதீரு. அந்த ரெண்டாயிரத்துலயும் தாய்மாமன் மடியில பிள்ளை வாயைப் பிளந்து அழுத படம் ஒண்ணு இல்ல. அந்த நேரத்துல நீரு அதுக்கு முன்னால எடுத்த படத்தைத் திரையில பார்த்துக்கிட்டிருந்தீரு. நான் கவனிச்சேன்.

இனி ஸ்டைலு. அதுதான் உம்மைத் தூங்க விடாம அரிக்குதுன்னு தெரியும்.

ஞாயித்துக்கிழமை ஆனா கோவில்பட்டியில இருந்தும் மதுரையில இருந்தும் போட்டோக்காரங்க காரு போட்டுக்கிட்டு வாராங்க. ‘தாத்தா, துண்டைத் தலையில கட்டுங்க. பீடி இருக்கா? இல்லைன்னா நாங்களே கொண்டாந்திருக்கோம்.’ நான் பீடியை விட்டு எவ்வளவோ காலமாச்சு. அதைச் சொன்னா அதுக முகம் வாடிப் போகுது. சிரிக்கக் கூடாதாம். தூரமாப் பார்க்கணுமாம். தூரத்துல என்ன இருக்கு, காத்தாலை சுத்துது. அது மட்டும் படத்துல வந்துறக் கூடாதாம். எடுத்ததைக் கறுப்பு வெள்ளையாக்கி, கிளாரிட்டின்னு ஒண்ணை இழுத்து விடுவாங்க, இல்லாத சுருக்கமெல்லாம் எந்திரிச்சு வந்துரும். அடியில ‘அனுபவம்’னு ஒரு தலைப்பு. என்ன அனுபவம்னு ஒருத்தனும் கேட்டதில்ல.

கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். ஸ்டூடியோவுல ஹைப்போ கலக்கின கைக்கு அடுத்துக் கிடைச்ச வேலையே சுருக்கத்தை அழிக்கிறதுதான். நெகட்டிவ் மேல கூராச் சீவின பென்சிலை வச்சு, கோடு விழுந்த இடத்துல பட்டும் படாம தடவணும். பிரிண்டு போடும்போது அந்த இடம் வெளுத்து, நாப்பது வயசுக்காரி இருபத்தெட்டுக்கு இறங்கிருவா. அன்னைக்குச் சுருக்கத்தை அழிக்கத் துட்டு, இன்னைக்கு அதையே கூட்டி வரையப் பரிசு. மூஞ்சிக்காரனுக்கு ரெண்டு காலத்துலயும் சல்லிக்காசு கிடையாது. பிரிண்டு அனுப்புறேன்னு போனவங்களை இன்னும் எதிர்பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

அது கிடக்கட்டும். போன மாசம் நீரு என்னை எடுத்த படத்தையும் பார்த்தேன். அதே துண்டு, அதே தூரப் பார்வை. அவங்களுக்கு நான் யாரோ. நீரு என் தங்கச்சி மகன். நான் வாயை மூடிக்கிட்டு அம்புட்டு சோகமா உக்காந்திருந்து என்னைக்காவது பார்த்திருக்கீரா?

பெறகு படத்துக்கு நிறம் ஏத்துற அந்த ப்ரீசெட்டு. யாரோ விக்கிறான், நீரு வாங்கிப் போடுதீரு, உம்ம வகுப்புல எல்லாரும் வாங்கிப் போடுதாங்க. ஊரு பூராவும் ஒரே கடை மசாலாப் பொடியை வாங்கிக் குழம்பு வச்சிட்டு, இது எங்க வீட்டுக் கைப்பக்குவம்னு சொன்னா எப்படி? கரிசல் மண்ணை ஆரஞ்சு நிறத்துல காட்டியிருக்கீரு மருமகனே. காலமெல்லாம் மண்ணு வகையைக் கணக்குல எழுதிக் கையெழுத்துப் போட்ட மனுசன் நீரு. மேலதிகாரி பார்த்தா விளக்கம் கேட்டுருவாரு.

உம்ம பாடப் புஸ்தகத்தை இங்க மறந்து வச்சிட்டுப் போனீருல்லா, பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நீரு பரீட்சைக்கு வாசிச்சிருப்பீரு, நான் வம்புக்குக் கேட்டேன். ஜூலியா மார்கரெட் கேமரூன்னு ஒரு வெள்ளைக்காரி. கல்கத்தாவுல பொறந்தவ. 1863 டிசம்பர்ல, 48 வயசுல, மகளும் மருமகனும் ஒரு கேமராவை வாங்கிக் குடுத்தாங்க. அந்தம்மா கோழிகளைக் கிளப்பி விட்டுட்டு, கோழி வீட்டை ஸ்டூடியோவா மாத்திக்கிட்டா. கரி போட்டு வச்ச கொட்டடிதான் இருட்டறை. படம் மங்கலா இருக்கு, கைவேலை பத்தாதுன்னு அன்னைக்கு விவரம் தெரிஞ்சவங்க பல பேரு வஞ்சாங்க. டார்வினும் டென்னிசனும் அவ முன்னால போய் உக்காந்தாங்க. 1875ல புருசன் காப்பித் தோட்டம் வச்சிருந்த இலங்கைக்கே போயிட்டா. நம்ம சீமைச் சனம் பஞ்சத்துக்குப் பயந்து அங்க காப்பித் தோட்டத்துல கூலிக்குப் போன காலம் அது. அங்க உள்ள உழைப்பாளிகளையும் எடுத்தா, 1879ல அங்கயே செத்தும் போனா. 48ல ஆரம்பிச்சவளுக்கு அம்புட்டு நடந்திருக்கு. வயசைச் சொல்லி என்கிட்ட மூக்குச் சிந்தாதேயும். வேணும்னா எங்க கோழிக்கூண்டைத் தாரேன், அத்தைகிட்ட நீரே பேசிக்கிடும்.

எனக்குப் பிடிச்ச ஆளு இன்னொருத்தரு. பாரிஸ்ல அட்ஜேன்னு. 1857ல பொறந்தவரு, கப்பல்ல போனாரு, நாடகத்துல வேசம் கட்டினாரு, ரெண்டும் சரிப்படல. முப்பது தாண்டித்தான் கேமராவைத் தொட்டாரு. ஓவியர்களுக்கான ஆவணம்னு வாசல்ல எழுதி வச்சிக்கிட்டு, பழைய தெரு, கடை முகப்பு, படிக்கட்டு, கதவுல இருக்கிற வேலைப்பாடுன்னு முப்பது வருசத்துக்கு ஒரே ஊரைச் சுத்தி வந்தாரு. 1927ல சாகுற வரைக்கும் அதே மரப்பெட்டி, 18க்கு 24 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடு. 1926ல மான் ரேங்கிற கலைஞரு இவரு படத்தைத் தங்களோட பத்திரிகையில போடக் கேட்டப்போ, என் பேரைப் போடாதேயும், இதெல்லாம் வெறும் ஆவணம்னு சொன்னாராம். ஸ்டைலு ஸ்டைலுன்னு பொலம்பினதா அந்தப் புஸ்தகத்துல ஒரு வரி கூட இல்ல. இன்னைக்கு உம்ம வாத்தியாருமாருக ஸ்டைலுக்கு அவரைத்தான் காட்டுதாங்க.

வெறும் ஆவணம்! அந்த வேலையை உம்மை விடத் தெரிஞ்சவன் அந்த வகுப்புல யாரு மருமகனே? வருசா வருசம் அடங்கல் எழுதினீரே, எந்த சர்வே நம்பர்ல பருத்தி, எதுல கம்பு, எது தரிசுன்னு. எந்தக் கிணறு எந்த வருசம் வத்துச்சு, எந்தக் கல்லை எவன் ராத்திரியோட ராத்திரியாப் பிடுங்கி நட்டான், எந்த வரப்புக்கு அண்ணன் தம்பி பேச்சு நின்னுச்சு, எல்லாம் உம்ம மண்டைக்குள்ள இருக்கு. படைப்புழு விழுந்து மக்காச்சோளம் சல்லடையாப் போனப்போ காடு காடா நடந்தது நீருதான். இப்ப அந்தக் காட்டுலயே சோலார் தகடு வெயில் காயுது. வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம் போட்ட இடத்துல அடுத்து என்ன வரப் போகுதுன்னு உமக்குத் தெரியும். காருல வாரவனுக்குப் புகை மட்டும்தான் தெரியும், நல்லாருக்குன்னு தட்டிட்டுப் போவான்.

அந்த அடங்கலைக் கேமராவால எழுதும். அதே நம்பர், அதே வரப்பு, அதே உயரம், பருவத்துக்குப் பருவம் போய் நில்லும். அந்தப் புஞ்சைக்காரனை நிக்க வையும், தூரமாப் பாருன்னு சொல்லாம. ரெண்டு மூணு வருசத்துல எவனாவது உம்ம படத்தைப் பார்த்து, இது அந்த வி.ஏ.ஓ. எடுத்ததுன்னு சொல்லுவான். ஸ்டைல் வந்துச்சான்னு அப்ப அவன்கிட்டக் கேட்டுக்கிடும்.

இதுக்குப் புது கேமரா வேணுமான்னு வாயைத் திறக்காதேயும். திருநெல்வேலியில 1912ல பொறந்த மா. கிருஷ்ணன், நாவல் எழுதின மாதவையா மகன், பல கேமராவோட உறுப்பைச் சேர்த்து ஒட்டுப்போட்டுத் தானே ஒண்ணு பண்ணி, சூப்பர் பாண்டரோசான்னு கேலியா ஒரு பேரும் வச்சுக்கிட்டாரு. காட்டானையை எடுத்தது அதை வச்சுத்தான், கறுப்பு வெள்ளையிலதான். ஸ்டேட்ஸ்மன் பேப்பர்ல 1950ல தொடங்கின பத்தியை 1996ல சாகுற வரைக்கும் விடல. உம்ம கையில இருக்கிறது அவரு கண்டிராத யந்திரம். ஆனையை விட நம்ம புஞ்சைக்காரன் சாதுதான்.

மேல வாரதுக்கு வருவோம். கல்யாணத்துக்குப் படம் எடுக்கிற கேண்டிட் கோஷ்டியில சேரணும்னு உமக்கொரு சபலம். ராத்திரி ரிசப்சன், விடியக்காலை முகூர்த்தம், நடுவுல ட்ரோனுக்குப் பின்னால ஓட்டம். உம்ம மூட்டு ஒரு ஆவணியைத் தாண்டுமா? பொடியங்க பாதித் துட்டுக்குப் பேசி முழு ராத்திரியும் நிப்பாங்க. அங்க போய் நிக்காதேயும்.

அவங்களால ஆகாத வேலை ஒண்ணு இருக்கு. நம்ம பக்கம் ஒரு பெருசு மண்டையைப் போட்டா முதல்ல என்ன நடக்கு? பேரன் போனைத் துழாவுதான். எந்தக் கல்யாணப் பந்தியிலயோ வாய் நிறையச் சோத்தோட இருக்கிற படத்துல மூஞ்சியை மட்டும் வெட்டி, கீழ கோட்டு சூட்டு உடம்பை ஒட்டி, பின்னால பனிமலையைப் போட்டு ஃப்ளெக்ஸ் அடிக்கான். காலமெல்லாம் கோவணத்தோட ஏர் பிடிச்ச மனுசன், செத்த அன்னைக்கு சுவிட்சர்லாந்துல டை கட்டி நிக்கான். உசிரோட இருக்கையில ஒழுங்கா ஒரு படம் எடுத்து வைப்போம்னு எந்த மகனும் அப்பன்கிட்டக் கேக்க முடியாது, ‘என்னலே, நாள் பாக்கியோ’ம்பான். இருபது வயசுப் பொடியன் கேட்டா செருப்பு பறக்கும். நீரு கேக்கலாம். முதியோர் பென்சன், பட்டா மாறுதல், வாரிசுச் சான்றுன்னு உம்ம கையெழுத்து நுழையாத வீடு இங்க இல்ல. உம்மகிட்டச் சாவைப் பத்திப் பேசிப் பழகின சனம். ‘ஆயா, சும்மா ஒரு படம்’னு திண்ணையில உக்காந்தீருன்னா காப்பி வரும், பெட்டியில இருக்கிற பட்டுச்சேலையும் வரும். அறுபதாங் கல்யாணம், எம்பதாங் கல்யாணம் எல்லாம் அதுக்குப் பின்னால தானா வரும். கெழவனும் கெழவியும் உம்ம முன்னால வெக்கப்படாம உக்காருவாங்க. எடுத்தா பிரிண்டு போட்டுக் கையில குடும். போன்ல அனுப்புறேன்னுட்டுப் போனவங்க கதையைத்தான் சொல்லிட்டேனே.

வேலை கேட்டுப் போறப்போ காட்டுற உம்ம ஆல்பத்துல 20 படத்துக்கு மேல வைக்காதேயும். கன்னியாகுமரிச் சூரியனையும் ஊட்டி மேகத்தையும் எடுத்து வெளிய போடும், அதுகளுக்கு உம்ம சிபாரிசு தேவையில்ல.

கடைசியா துட்டு. உமக்கு வாய் வராத இடம் அதுதான். வேலைக்கு முன்னாலயே விலை பேசணும், பாதி முன்பணம் வாங்கணும், சொந்தக்காரன்கிட்ட இன்னும் கண்டிப்பா வாங்கணும். அடுத்த வாரம் பேத்தி சடங்குக்கு உம்மைக் கூப்பிட வாரேன். ‘மாமன் வீட்டு விசேசம், துட்டுப் பேசுவீரா மருமகனே’ன்னு கேப்பேன், நல்லா உருக்கமாத்தான் கேப்பேன். நீரு என் மூஞ்சியைப் பார்த்து விலையைச் சொல்லணும். சொல்லிட்டீருன்னா முன்பணத்தை மடியில இருந்து எடுத்து அங்கயே எண்ணி வைப்பேன். அதெல்லாம் எதுக்கு மாமான்னு நெளிஞ்சீருன்னா, சரி மருமகனேன்னு துட்டை மடியோட முடிஞ்சுக்கிட்டு, ஆல்பம் என்னைக்குத் தருவீருன்னு கேட்டுட்டுப் போயிருவேன்.