எஸ் எழுத்தின் இடப்பெயர்ச்சி: நான்காம் வகுப்பு ஆங்கில எதிர்மறை வாக்கியங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆங்கிலத்தில் ஒரு காரியத்தைச் செய்ய ஒரு வினை போதும். செய்யாமலிருக்க இரண்டு வேண்டும். இதுவே இவ்வாய்வின் கருதுகோள். 'கமலா ஈட்ஸ் இட்லி' என்றால் கமலா பாட்டுக்குத் தனியாகச் சாப்பிடுகிறாள். அவளுக்கு இட்லி பிடிக்காமல் போனால் 'கமலா டஸ் நாட் ஈட் இட்லி' ஆகிவிடுகிறது. சாப்பிடாதவளுக்குத் துணைக்கு எதற்கு ஓர் ஆள் என்ற கேள்வியை நான்காம் வகுப்பு மாணவர்கள் நெடுங்காலமாக எழுப்பி வருகின்றனர். அறிஞர் உலகம் செவிசாய்த்ததாகத் தெரியவில்லை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூலச்சுவடி ஒரு நாலு கோடு நோட்டு. பக்கத்தின் நடுவே ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. இடப்பக்கம் பாசிட்டிவ், வலப்பக்கம் நெகட்டிவ். இடப்பக்கம் பளிச்சென்று இருக்கிறது. வலப்பக்கத்தில் மட்டும், ஒவ்வொரு வரியிலும் வினைச்சொல்லின் வால் இருக்க வேண்டிய இடத்தில், ரப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாள் மெலிந்து அடுத்த பக்கத்து எழுத்து தெரிகிறது. எஸ் போட்டு, அழித்து, மனசு கேட்காமல் மறுபடி போட்டு, மறுபடி அழித்த தடம். பாடபேதம் என்று உ.வே.சா. காலத்தில் சொன்னது இதைத்தான் என்று அடித்துச் சொல்ல முடியாவிட்டாலும், சுவடி செல்லரித்த விதம் ஒன்றுதான்.

அந்த எஸ் எங்கே போயிற்று? தமிழில் 'ஓடாத குதிரை' ஓடாக் குதிரையாகும்போது கடைசி எழுத்து கெட்டுப்போகும். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று பெயர் சூட்டி, அந்த எழுத்துக்குத் தலைமுழுகிவிட்டோம். ஆங்கிலத்தில் ஈறு கெடுவதில்லை, இடம் மாறுகிறது. 'ஈட்ஸ்' உதறிவிட்ட எஸ்ஸை டூ வாங்கித் தன் முதுகில் ஒட்டிக்கொண்டு டஸ் ஆகிறது. ஒரு வாக்கியத்துக்கு ஒரு எஸ்தான் ரேஷன். இந்த விதி புரியாத குழந்தை 'டஸ் நாட் ஈட்ஸ்' என்று இரண்டு இடத்திலும் போட்டுவிடுகிறது. பேராசை என்று சொல்லிவிடலாம். இரண்டு வினைக்கும் ஒரே நியாயம் என்பது குழந்தையின் கட்சி.

டூ என்பவர் யார்? நல்ல காரியத்துக்குத் தலைகாட்டாமல், பஞ்சாயத்து என்றால் மட்டும் முதல் ஆளாக வந்து உட்காரும் பங்காளி. மறுப்பு வந்தால் ஆஜர், கேள்வி வந்தால் ஆஜர். ஆனால் இவர் பரம்பரைப் பங்காளி அல்லர். பழைய ஆங்கிலத்தில் வினைக்கு முன்னால் 'நெ' என்று ஒரு துணுக்கு வைத்தால் மறுப்பு முடிந்தது. அது தேய்ந்து பலம் குறையவே, முட்டுக்கொடுக்க வினைக்குப் பின்னால் 'நாட்' வந்தது. பிறகு முன்னால் இருந்தது உதிர்ந்து, முட்டுக்கொடுத்ததே தூணாகிவிட்டது. இந்தத் தேய்மானச் சக்கரத்தை டென்மார்க்கு அறிஞர் ஓட்டோ யெஸ்பெர்சன் 1917இல் விளக்கினார். ஷேக்ஸ்பியர் காலத்தில்கூட 'ஐ நோ நாட்' என்று டூ இல்லாமலே சொல்ல முடிந்தது. டூ வைத்தும் சொன்னார்கள். இன்று 'ஐ நோ நாட்' என்று ஒரு பையன் எழுதினால் சிவப்பு மையில் சுழிக்கிறார்கள். நானூறு ஆண்டு தாமதமாகப் பிறந்ததைத் தவிர அவன் செய்த குற்றம் எதுவும் இவ்வாய்வாளரின் கண்ணில் படவில்லை.

இஸ், கேன், வில் முதலியோருக்குப் பங்காளி தயவு தேவையில்லை. நேராக நாட் போட்டுக்கொள்வார்கள். இவர்களில் 'வில் நாட்' சுருங்கி 'வோன்ட்' ஆனதற்குப் பழைய 'வோல்' வடிவம் காரணம். 'ஆம் நாட்' சுருங்கினால் ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் 'ஆமன்ட்' என்பார்கள். பாடப்புத்தக ஆங்கிலமோ வெட்கமே இல்லாமல் 'ஆரன்ட் ஐ' என்று பன்மையிடம் கடன் வாங்குகிறது. இதைக் கற்பிக்கும் வாயால்தான் 'ஐ ஆர்' தப்பு என்றும் கற்பிக்கிறார்கள்.

இறந்தகாலத்தில் சிக்கல் முற்றுகிறது. களத்தில் கேட்ட உரையாடல்:

"டேய், 'டிட்'லயே பாஸ்ட் வந்துடுச்சுல்ல? அப்புறம் எதுக்கு 'வென்ட்'?"

"அவன் நேத்துதானே மிஸ் போகல?"

"கோ. எழுது."

இறந்தகாலத்தை ஒருமுறை சொன்னால் போதும் என்பது சிக்கனம். போகாததும் நேற்றுத்தான் என்பது தர்க்கம். பரீட்சையில் சிக்கனத்துக்குத்தான் மார்க்.

இரட்டை எதிர்மறையில் மட்டும் நம் பிள்ளைகளுக்கு முன்அனுபவம் உண்டு. பின்னாளில் லண்டன் பிஷப்பான ராபர்ட் லோத் தமது இலக்கண நூலின் 1763ஆம் ஆண்டுப் பதிப்பில், இரண்டு மறுப்பு சேர்ந்தால் உடன்பாடு என்று எழுதினார். அதற்கு முன்போ, கவிஞர் சாசர் காலத்து ஆங்கிலம் மறுப்பை அள்ளி அள்ளிப் போட்டது. மறுப்பு வலுத்ததே தவிர உடன்பாடாகவில்லை. 'சொல்லாமல் இல்லை' என்றால் சொன்னான் என்று அறிந்த தமிழ்க் குழந்தைக்கு லோத் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை.

கடைசியாக, யெஸ்-நோ விவகாரம். 'உனக்குத் தெரியாதா?' என்றால் 'ஆமா, தெரியாது' என்கிறோம். கேட்டவர் சொன்னது சரி என்பது அந்த 'ஆமா'. ஆங்கிலத்தில் இதற்கு 'நோ' சொல்ல வேண்டும். முன்பு அங்கேயும் நான்கு சொற்கள் இருந்தன: நேர்க்கேள்விக்கு 'யே', 'நே', மறுப்புக் கேள்விக்கு 'யெஸ்', 'நோ'. பைபிளை மொழிபெயர்த்த டிண்டேல், 'நே' வர வேண்டிய இடத்தில் 'நோ' போட்டுவிட்டார் என்று 1532இல் தாமஸ் மோர் கண்டித்தார். 1535இல் மோரின் தலை வெட்டப்பட்டது. காரணம் இலக்கணம் அல்ல. பிறகு யேயும் நேயும் அன்றாடப் பேச்சிலிருந்து நழுவ, மிஞ்சிய இரண்டே நான்கு பேர் வேலையையும் பார்க்கின்றன.

அதன் விளைவை எந்த வகுப்பறையிலும் காணலாம். "டிடன்ட் யூ டூ யுவர் ஹோம்வொர்க்?" என்று மிஸ் கேட்கிறார். "யெஸ் மிஸ்" என்கிறான் கடைசி பெஞ்சுக்காரன், உள்ளபடியே, தமிழில் யோசித்து. மிஸ் தலையாட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போகிறார்.