சித்திரகுப்தனை மிஞ்சிய கவுண்டி

இறந்தவர்களின் கணக்கைப் பேணிக் காப்பதில் அமெரிக்காவின் பக்கிங்காம் கவுண்டிக்கு நிகர் பக்கிங்காம் கவுண்டிதான். வர்ஜீனியா மாநிலத்தில், ஜேம்ஸ் ஆற்றின் தென்கரையில், 1761இல் ஆல்பமார்ல் கவுண்டியிலிருந்து பிரிந்த நாட்டுப்புற மாவட்டம் அது. புகையிலையும் காடும் கூரைக்கான பலகைக்கல்லும் பேர்போனவை. ஏடுகளை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தபோது இவர்கள் சாதாரணக் கொத்தனாரிடம் போகவில்லை. நீதிமன்றக் கட்டடத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவர் தாமஸ் ஜெஃபர்சன். ஒரு முன்னாள் குடியரசுத் தலைவர் வரைந்த கூரையின் கீழ் உயிலும் பத்திரமும் வழக்குக் கட்டும் சேர்ந்துகொண்டே வந்தன. 1869இல் கட்டடம் எரிந்தது. ஒரு நூற்றாண்டுக் காகிதத்தில் பெரும்பகுதி சாம்பல். கொள்ளுத்தாத்தாவைத் தேடி வருகிறவர்களுக்கு இதைவிட உபகாரம் யார் செய்வார்கள்? படிக்கவேண்டிய பக்கங்களே இல்லையென்றால் கண் வலிக்காது.

இந்தக் கொடைத்தன்மை பக்கிங்காமுக்கு மட்டும் சொந்தமல்ல. வர்ஜீனியாவில் இப்படி ஏடிழந்த இடங்களை ‘எரிந்த கவுண்டிகள்’ என்று தனி இனமாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். அவற்றில் க்ளாஸ்டர் கவுண்டியின் முன்யோசனையைச் சொல்லாமல் விடக்கூடாது. 1820இல் அங்கே ஒரு தீ, ஏடுகள் போயின. சூடுபட்டவர்கள் அல்லவா, அடுத்துச் சேர்ந்தவற்றைக் கண்ணும் கருத்துமாகக் காத்தார்கள். உள்நாட்டுப் போர் வந்தது. எதிரிப் படை கையில் சிக்கிவிடக் கூடாதே என்று தலைநகர் ரிச்மண்டுக்கு அனுப்பிவைத்தார்கள். 1865 ஏப்ரல் 3 அன்று ரிச்மண்ட் எரிந்தது. வைத்தது எதிரிகூட அல்ல; ஊரைவிட்டுப் பின்வாங்கிய தங்கள் தென்மாநிலப் படையே புகையிலைக் கிடங்குகளுக்கு வைத்த நெருப்பு. ஹானோவர், ஜேம்ஸ் சிட்டி கவுண்டிகளின் ஏடுகளும் அதே பாதுகாப்பில்தான் இருந்தன.

எரிந்ததை விடுவோம். எழுதியதில் காட்டிய திறமை அதைவிடப் பெரிது. 1853இல் வர்ஜீனியா சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது: இனி பிறப்பும் இறப்பும் ஆண்டுதோறும் பதிவாகவேண்டும். யார் பதிவது? மருத்துவரா, பாதிரியாரா, வெட்டியானா? மூவரும் இல்லை. வரி மதிப்பிட வீடுவீடாக வரும் அதிகாரி. குதிரை எத்தனை, கடிகாரம் எத்தனை, போன வருஷம் செத்தது எத்தனை என்று ஒரே மூச்சில் கேட்டு முடித்துவிடலாம். வரிக்காரன் வாசலில் நிற்கும்போது குடியானவன் மனம் எப்படிக் கனிந்து உண்மை பேசும் என்பதை அறிந்த மேதைகள் செய்த ஏற்பாடு. போன மாசிக் குளிரில் போன குழந்தைக்கு அடுத்த வருஷம் தேதி சொல்லவேண்டும். தாய்க்கு மறக்காது, ஆனால் பதில் சொன்னவர் எல்லா வீட்டிலும் தாயல்லவே. மரணக் காரணம் என்ற பத்தியில் ‘தெரியாது’ என்று எழுதிய இடங்களை நான் மிகவும் மதிக்கிறேன். அந்த ஏட்டில் நம்பத்தக்க பதிவு அதுதான்.

அடிமைப்படுத்தப்பட்டவர்கள் இறந்தால் ஏடு இன்னும் கவனமாயிற்று. இறந்தவருக்கு ஒற்றைப் பெயர், பல சமயம் அதுவுமில்லை. தாய் தகப்பன் பத்தி காலி. ஆனால் உடைமைக்காரர் பெயர் முழுசாக, எழுத்துப்பிழை இல்லாமல் நிற்கும். தகவல் தந்தவரும் பெரும்பாலும் அவரே. போனது யார் என்பதில் தடுமாறினாலும், யாருடைய நஷ்டம் என்பதில் வர்ஜீனியா ஒருபோதும் தடுமாறியதில்லை. இன்று கறுப்பினக் குடும்பத்தார் தங்கள் பாட்டியின் பாட்டியைத் தேட, அவளை வைத்திருந்தவன் குடும்ப மரத்தில் ஏறி இறங்க வேண்டியிருக்கிறதென்றால், அந்த மரத்தை அவ்வளவு செழிப்பாக வளர்த்தவர்களுக்கு நன்றி சொல்லத்தானே வேண்டும்?

கூட்டரசும் தன் பங்குக்குக் கைகொடுத்தது. 1850 முதல் 1880 வரை மக்கள்தொகைக் கணக்கோடு ஒரு மரண அட்டவணையும் எடுத்தார்கள். கணக்கு நாளான ஜூன் முதல் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் இறந்தவர்கள் மட்டும் அதில் இடம்பெறுவார்கள். ஆக, 1849 ஜூனுக்கும் 1850 மே மாதத்துக்கும் இடையில் கண்மூடியவர் வரலாற்றில் நின்றார். 1851இல் மூடியவர் அடுத்த கணக்குவரை காத்திருக்காத அவசரக்காரர். இதில் ஒரு நுட்பம் உண்டு. 1850, 1860 அடிமை அட்டவணைகளில் உயிரோடிருந்தவர்களுக்குப் பொதுவாகப் பெயர் கிடையாது: வயது, பால், நிறம், உடைமைக்காரர், அவ்வளவே. மரண அட்டவணையில் பல இடங்களில் பெயர் இருக்கிறது. ஒருவருக்குப் பெயர் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள அரசு அவர் சாகும்வரை பொறுமையாகக் காத்திருந்திருக்கிறது, அதுவும் சரியான வருஷத்தில்.

1896இல் வர்ஜீனியா பதிவையே நிறுத்திவிட்டது. 1912 ஜூன் வரை, சில நகரங்கள் தவிர, மாநிலத்தில் மரணப் பதிவு இல்லை. பதினாறு ஆண்டு சித்திரகுப்தனுக்கு விடுமுறை. யமன் மட்டும் வேலைக்கு வந்துகொண்டிருந்தான்.

அந்த இடைவெளியை இட்டு நிரப்பப் பத்திரிகைகள் இருக்கின்றன. பக்கத்து ஃபார்ம்வில் ஊரில் 1890இல் தொடங்கிய ஹெரால்ட் போன்ற நாட்டுப்புற இதழ்களின் இரங்கல் குறிப்புகள் மரியாதையின் சிகரம். செத்தவர் எல்லாரும் உத்தமர். நெடுநாள் நோயைக் கிறிஸ்தவப் பொறுமையோடு சகித்தவர். மணமான பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் முரட்டுத்தனம் கிடையாது; ‘திருமதி’ போட்டுக் கணவன் பெயர். அறுபது ஆண்டு வாழ்ந்து ஒன்பது பிள்ளை பெற்றவள் எந்த வீட்டில் பிறந்தாள், என்ன பெயரிட்டார்கள் என்பதெல்லாம் அவளுடைய அந்தரங்கம். வெள்ளையர் இதழ்களில் கறுப்பினத்தார் சாவுக்கு இடம் வெகு அரிது; அவர்களுக்கு ரிச்மண்ட் பிளானட் போன்ற தங்கள் இதழ்களை நடத்திக்கொள்ளும் முழுச் சுதந்திரம் அளிக்கப்பட்டிருந்தது. இதே பக்கிங்காமின் நியூ கேன்டனில் 1875இல், முன்பு அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்த கார்ட்டர் வுட்சன், பின்னாளில் 1926இல் கறுப்பின வரலாற்று வாரத்தைத் தொடங்கினார். அப்படி ஒருவர் புறப்படும் அளவுக்கு மௌனம் காத்த பெருமையும் இந்த மண்ணுக்கே.

கல்லறைகளைப் பார்க்கலாம் என்பவர்கள் பார்க்கலாம். அடிமைகளின் புதைகுழிகளுக்கு எழுத்தில்லாத காட்டுக்கல், குழிந்த தரை, படர்ந்த பெரிவிங்கிள் கொடி. தனியார் நிலத்துக்குள் இருந்தாலும் வாரிசுகள் போய்ப் பார்க்க வர்ஜீனியச் சட்டம் உரிமை தருகிறது. எந்தக் கல் யாருடையது என்று சட்டம் சொல்லாது.

கடைசியாக வைத்திருப்பது உச்சகட்ட வாழ்த்து. 1912இல் பதிவு மீண்டும் தொடங்கியபோது முதல் பதிவாளராக அமர்ந்த மருத்துவர் வால்டர் பிளெக்கர், 1946 வரை 34 ஆண்டு நாற்காலியை விட்டு நகரவில்லை. அவருக்கு முன்னால் ஏட்டைப் பேணியவர்கள் கேட்டதை எழுதினார்கள், இல்லையேல் எரித்தார்கள். இவர் திருத்தினார். 1924இல் வந்த இனத்தூய்மைச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வர்ஜீனியாவில் கலப்பில்லாத பூர்வகுடி எவருமே இல்லை என்று கண்டுபிடித்தார். ‘இந்தியர்’ என்று பதிந்த சான்றிதழ்களை ‘நிறத்தவர்’, அதாவது கறுப்பினத்தார், என்று ஆக்கினார். சிலவற்றின் பின்பக்கத்தில் எச்சரிக்கை எழுதினார். 1943இல் கவுண்டிவாரியாகக் குடும்பப் பெயர்ப் பட்டியலே போட்டு அதிகாரிகளுக்கு அனுப்பினார், இந்தியர் என்று சொன்னாலும் இவர்களை நம்பாதீர்கள் என்று. செத்தபிறகும் ஒருவரை வேறொருவராக்கும் வல்லமை சித்திரகுப்தனுக்கு இல்லை. ரிச்மண்ட் அலுவலகத்துக்கு இருந்தது. இன்று அந்த மரணச் சான்றிதழ்கள் 25 ஆண்டு கழிந்ததும் பொதுச்சொத்தாகின்றன. வீட்டிலிருந்தே அந்தப் பொதுச்சொத்தின் படத்தைப் பார்க்க ஒரு தனியார் நிறுவனத்துக்குச் சந்தா கட்டலாம்.

பக்கிங்காமுக்குச் சற்று மேற்கே, ஆம்ஹெர்ஸ்ட் கவுண்டியின் கரடிமலையில் வாழும் மொனக்கன் பூர்வகுடி மக்கள், தாங்கள் மொனக்கன்தான் என்று காட்ட ஏடு கேட்டபோது கிடைத்தவை பிளெக்கர் திருத்திய ஏடுகள். அவர்களையும் இன்னும் ஐந்து பூர்வகுடிகளையும் அமெரிக்கா சட்டம் போட்டு அங்கீகரித்தது 2018 ஜனவரியில்.