30 லிட்டரும் ஒரு பழைய கெக்கும்

சிங்கப்பூரில் வீட்டிலேயே பீர் தயாரிக்க 2004-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. விற்கக்கூடாது, சாராயம் வடிக்கக்கூடாது, வீட்டுக்கு மாதம் 30 லிட்டரைத் தாண்டக்கூடாது. குளிர்பானக் கம்பெனிகள் கழித்துக்கட்டிய கெக் (எஃகுப் பீப்பாய்) ஒன்றோ 19 லிட்டர் பிடிக்கும். ஆக, நல்ல குடிமகன் இரண்டாவது கெக்கைப் பாதிக்குச் சற்று மேலே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அப்படியொரு கெக்கை வாங்கி வந்தவரைப் பாருங்கள். ரசச் சட்டியை ஒருநாளும் தொடாத மனிதர், வீவக வீட்டு அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, டார்ச் அடித்து உள்ளே துருப்புள்ளி தேடுகிறார். மூடியைக் கழற்றியதே உள்ளிருந்த காற்றை இறக்கிவிட்டுத்தான். பிறகு ரப்பர் வளையங்கள்: மூடிக்கு ஒன்று, முனைகளுக்கு இரண்டு, உள்குழாய்களுக்கு இரண்டு. ஐந்தையும் மாற்றியே ஆகவேண்டும். எத்தனை கழுவினாலும் ரூட் பீர் வாசனை ரப்பரை விட்டுப் போகாது. பிளீச் கூடாது, குளோரின் எஃகை அரித்துவிடும் என்று மனைவிக்கு வகுப்பு வேறு.

"அப்படியே அந்தக் குக்கரையும் ஊறப்போடுங்களேன்" என்கிறார் அந்த அம்மாள்.

இத்தனை பாடுபட்டதை ஞாயிற்றுக்கிழமை தேக்காத் திடலில் நண்பர்களோடு குடிக்கலாமென்றால், அதற்கும் வழியில்லை. அங்கே நடந்த 2013 கலவரத்துக்குப் பின் வந்த 2015 சட்டப்படி, தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியாவில் சனி காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கத் தடை. எனவே நண்பர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். வந்து, சோப்பு நுரை தடவிய மூடியில் கசிவுக் குமிழி கிளம்புகிறதா என்று ஆளுக்கொரு பக்கம் குனிந்து பார்க்கிறார்கள். பீருக்கு இன்னும் மூன்று வாரம் ஆகுமாம்.