பொட்டலம் மடிக்கும் நேரம்

அப்பாவின் மளிகைக் கடையில் ஒரு பொட்டலம் மடிக்க அரை நிமிடமாவது ஆகும். பழைய தினத்தாளைக் கிழித்துக் கூம்பாகச் சுருட்டி, அடியை முறுக்கி, துவரம்பருப்பைக் கொட்டித் தராசில் வைப்பார். முள் நேராக நிற்கும்வரை நாலு பருப்பைக் கூட்டுவார், குறைப்பார். பிறகு மேல் விளிம்பை உள்ளே மடக்கி, உத்தரத்தில் தொங்கும் கண்டிலிருந்து நூலை இழுத்து, இரண்டு சுற்று சுற்றிப் பட்டென்று அறுப்பார். மாதச் சாமான் என்றால் இப்படிப் பத்து இருபது பொட்டலம். அதுவரை வாங்க வந்தவர் கடை முன்னால் நின்றுதான் ஆக வேண்டும். நின்றவர்கள் பேசினார்கள்.

“என்னம்மா, ஒரு வாரமா ஆளையே காணும்? ஒடம்புக்கு எதும் முடியலியா?” என்று கை வேலையை நிறுத்தாமலே அப்பா கேட்பார். “பெரியவருக்குச் சக்கரைன்னு சொன்னிய, அப்புறம் எதுக்கு ரெண்டு கிலோ சீனி?” என்பார். சைதாப்பேட்டையில் எங்கள் தெருவில் யார் வீட்டில் பெண் பார்த்துப் போனார்கள், யாருக்கு வேலை போயிற்று என்பதெல்லாம் முதலில் தெரிந்தது எங்கள் கடைக்குத்தான். வாடிக்கையாளரிடம் எப்படிப் பழக வேண்டும் என்று அவருக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. பழகுவதற்கான நேரம் அந்தப் பொட்டலத்திலேயே இருந்தது.

இன்று கடை என் கையில். எல்லாமே பாக்கெட்டில் வருகிறது. பில் போடும் மெஷின் பார்கோடைப் பார்த்ததும் கூவுகிறது. 2016-க்குப் பிறகு யுபிஐ வந்து சில்லறைத் தகராறையும் ஒழித்தது. போனைக் காட்டினால் கல்லாப் பக்கத்தில் இருக்கும் பெட்டி ‘பணம் வந்தது’ என்று தமிழிலேயே சொல்லிவிடுகிறது. வந்தவரும் தலை நிமிர வேண்டாம், நானும் நிமிர வேண்டாம். எங்கள் கடையில் வாங்குகிறவர்களின் போன் நம்பர் எல்லாம் என்னிடம் இருக்கிறது; முகம் பாதிப் பேருக்குத்தான் தெரியும். அப்பாவிடம் ஒரு நம்பரும் இல்லை.

அப்பா திருச்செந்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து சிறு பையனாக வந்து, சொந்தக்காரர் ஒருவரின் கடையில் மூட்டைகளின்மேல் படுத்து வளர்ந்தவர். அந்தக் காலத்து அண்ணாச்சி கடைகளில் பையனின் சம்பளத்தை முதலாளியே பிடித்து வைத்திருப்பார். பையன் தனிக்கடை வைக்கும் நாளில் மொத்தமாகக் கொடுப்பார். கொத்தவால்சாவடியில் மொத்த வியாபாரியிடம் கூட்டிப்போய், “நம்ம பையன்தான், சரக்கு கொடுங்க” என்று ஒரு வார்த்தை சொல்வார். அந்த ஒரு வார்த்தைக்கு அரிசி மூட்டை கடனாக இறங்கும். கையெழுத்து, ஜாமீன் ஒன்றும் கிடையாது. தென் மாவட்ட நாடார் வியாபாரிகள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை பிடித்து, அந்தப் பொதுப்பணத்தில் பள்ளிக்கூடங்கள் கட்டியவர்கள். 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி என்று தொடங்கியதே இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. பழக்கமே முதலாக இருந்த வியாபாரம் அது.

அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்தக் கை முதலில் நீண்டது ஊர்க்காரனுக்கும் உறவுக்காரனுக்கும்தான். வெளியாள் ஒருவனுக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டம். பற்று நோட்டிலும் இதே கதை. சர்க்கார் உத்தியோகஸ்தர் பெயர் கேட்காமலே ஏறும். கொத்தனாரின் மனைவி இரண்டு முறை கேட்க வேண்டும். அப்பாவிடம் நான் மதிப்பது, பாக்கியை அடுத்த ஆள் காதில் விழும்படி அவர் கேட்டதே இல்லை என்பது. கடை சாத்தும் நேரத்தில், ஆள் தனியாக வரும்போது, “தோதுப்பட்டா பாருங்க” என்பார். அவ்வளவுதான். கடன் வைத்தவர்கள் எதிர்ச்சாரியில் ஒதுங்கிப் போகாமல் எங்கள் கடைக்கே வந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியபோது அந்தப் பழக்கம் எவ்வளவு தாங்கும் என்று பார்த்தேன். கடை முன்னால் சுண்ணாம்பில் வட்டம் போட்டு ஆட்களை நிறுத்தினோம். ஆன்லைனில் வாங்கிப் பழகியவர்களும் வந்து நின்றார்கள். வர முடியாத பெரியவர்கள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகச் சாமான் சொன்னார்கள். மளிகை லிஸ்டோடு அமெரிக்காவில் இருக்கும் மகனைப் பற்றிய கவலையும் அந்தப் பதிவில் வரும். முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் பை போடுவேன். சம்பளம் நின்றுபோன ஆட்டோக்காரர்கள், வீட்டு வேலை செய்கிற பெண்கள் எல்லோருக்கும் பழைய நீள நோட்டை மறுபடி திறந்தேன். அப்போது ஏறிய பாக்கியில் பெரும்பகுதி திரும்பி வந்தது. பார்கோடு மெஷினால் இந்த முடிவை எடுத்திருக்க முடியாது. யாருக்குக் கொடுக்கலாம் என்பது ஆட்களைத் தெரிந்திருந்தால்தான் தெரியும்.

அதனால் காத்திருக்கும் நேரத்தை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மாலையில் கூட்டம் வரும்போது பில் போடுவதைப் பையனிடம் விட்டுவிட்டுக் கடை வாசலுக்கு வந்துவிடுவேன். வயதானவர்கள் உட்கார ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறேன். கறிவேப்பிலைக் கொசுறு இன்றைக்கும் உண்டு; அதை என் கையாலேயே பையில் போடுவேன், இரண்டு வார்த்தை பேச அது வசதி. வியாபாரத்துக்கு இதனால் லாபமா என்று தம்பி கேட்கிறான். லாபம் உண்டு, மறைப்பானேன். ஆனால் லாபம் இல்லாவிட்டாலும் நான் இப்படித்தான் கடை நடத்துவேன்.

எங்கள் பகுதியில் கட்டட வேலைக்கு இப்போது பீகார், ஒடிசாப் பையன்கள் நிறைய. முதலில் அவர்கள் கடைக்குள் வரத் தயங்கி, விரலால் பொருளைக் காட்டிவிட்டு நிற்பார்கள். கடுகு எண்ணெய் இருக்கிறதா என்று ஒருவன் சைகையால் கேட்டான். இல்லை. அடுத்த வாரம் வாங்கி வைத்தேன். பிறகு சத்து மாவு கேட்டார்கள். அது நம் வீட்டுச் சத்துமாவு அல்ல, வறுத்த கொண்டைக்கடலையை அரைத்தது. அதுவும் இப்போது இருக்கிறது. பெயர்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன், அவர்கள் என்னிடம் பருப்பு வகைகளைத் தமிழில் சொல்லிப் பழகினார்கள். போன மாதம் கான்ட்ராக்டர் கூலியை இழுத்தடித்தபோது அந்தக் கூட்டத்தில் மூத்தவன் வந்து, “அண்ணா, சம்பளம் வரல, சாமான் வேணும்” என்றான். ஒவ்வொருவன் பெயரையும் கேட்டு, தனித்தனிப் பக்கமாக நோட்டில் எழுதி, பத்து கிலோ அரிசியும் பருப்பும் எண்ணெயும் கொடுத்தனுப்பினேன்.