வூஃபர்காரனின் நன்றி மனு

அனுப்புநர்:
ஒரு குட்டியானைக்காரன்,
அனுமந்தை, மரக்காணம் வட்டம், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்:
மத்திய சுற்றுச்சூழல், வனம் மற்றும் பருவநிலை மாற்ற அமைச்சகம்,
புதுடெல்லி.

பொருள்: ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 – என் வண்டி வூஃபரைக் கண்ணுக்குள் வைத்துக் காத்து வருவது – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

அரசாங்கத்துக்கு மனு எழுதுகிறவன் ஏதாவது கேட்டுத்தான் எழுதுவான். பட்டா கேட்பான், முதியோர் பென்ஷன் கேட்பான், தெருவிளக்கு கேட்பான். நான் நன்றி சொல்ல எழுதுகிறேன். கடைசியில் சின்னதாக ஒரு வேண்டுகோள் உண்டு, அது உங்களுக்கு வேலையே வைக்காது.

குட்டியானை என்கிற என் சின்ன லோடு வண்டி உப்பு சீசனில் மரக்காணம் அளத்திலிருந்து மூட்டை ஏற்றும். தர்பூசணி காலத்தில் தர்பூசணி, ஒன்றும் இல்லாத மாதத்தில் சவுக்குக் கட்டை. வாங்கும்போதே உள்ளே கம்பெனி செட் இருந்தது. கதவுக்கு ஒன்றாக இரண்டு ஸ்பீக்கர், இரண்டுமே காகிதக் கூம்பு. கடற்கரை ஊரில் காகிதத்தின் கதி உங்களுக்குத் தெரியாததல்ல. இரண்டே மழைக்காலத்தில் ஓரம் நைந்து, தவில் சத்தம் தகர டப்பாவில் பட்டாணி கொட்டுகிற மாதிரி வந்தது. பாட்டில் நாதஸ்வரம் இருக்கிறது என்பதை நினைவில் இருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

புதுச்சேரியில் ஒரு ஆடியோ கடைக்குப் போனேன். கடைப் பையன் யோக்கியன். "அண்ணே, உங்க கேபின் சின்னது. மூடின டப்பாக்குள்ள பேஸ் தானா ஏறிக்கும். கதவுத் தகரத்துக்கு உள்ளாற டேம்பிங் ஷீட் ஒட்டி, உப்புக் காத்து தாங்குற பிளாஸ்டிக் கூம்பு ஸ்பீக்கர் ரெண்டு போட்டு, சீட்டுக்கு அடியில எட்டு இன்ச் வூஃபர் ஒண்ணு வெச்சா அதுவே அதிகம்" என்றான். சங்கீதம் கேட்க வந்தவனுக்குச் சரியான யோசனை. நான் கேட்டேன்: "அது எனக்குக் கேக்கும். ஊருக்குக் கேக்குமா?"

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு உள்ளே போய்ப் பன்னிரண்டு இன்ச் வூஃபர் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

கேபினுக்குள் அது எப்படிப் போகும்? பின்னால் லோடு ஏற்றுகிற இடத்தில் பிளைவுட் பெட்டி அடித்து, வாய் ஊரைப் பார்த்த மாதிரி வைத்தாயிற்று. இரண்டு மூட்டை உப்பு ஏற்றும் இடம் போயிற்று. ஒவ்வொரு நடைக்கும் அந்த வாடகை நஷ்டம். கலைக்கு இதெல்லாம் பார்க்க முடியுமா?

ஆம்ப்ளிஃபையர் அட்டைப் பெட்டியில் 2000 வாட் என்று தீ எழுத்தில் அச்சடித்திருந்தது. வயரில் செருகின பியூஸ் 30 ஆம்பியர். வண்டி ஓடும்போது கிடைப்பது 14 வோல்ட். பெருக்கினால் 420 வாட், அதிலும் ஒரு பங்கு சூடாகிப் போகும். மீதி வாட்டெல்லாம் அட்டைப் பெட்டியிலேயே தங்கிவிட்டது போலிருக்கிறது. அந்த 420க்கே ஒவ்வொரு அடிக்கும் முகப்பு விளக்கு மங்கி எழுகிறது. எதிரே வருகிறவன் நான் லைட் அடித்து வழி கேட்கிறேன் என்று ஒதுங்கிப் போகிறான். நான்கு மாதத்துக்கு ஒருமுறை எர்த் வயர் முடுக்கின இடத்தில் உப்பு பூத்து, துரு ஏறி, பாட்டு பாதியில் நின்றுவிடும். உப்புத்தாள் போட்டுச் சுரண்டி கிரீஸ் தடவினால் மறுபடி உயிர் வரும். எங்கள் ஊரில் என்னை அடக்குகிற ஒரே அதிகாரி இந்த உப்புக் காற்றுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எதிர் வீட்டு ஆயாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. வூஃபர் மாட்டின முதல் வாரம் வாசலில் வந்து நின்றது. "ஏம்ப்பா, என்னா பாட்டு போடுறேன்னே தெரியல. செவுத்தத் தாண்டி டும்மு டும்முன்னு மட்டும் வருது. காதுல கேக்கல, நெஞ்சுல இடிக்குது" என்றது. அலமாரியில் சொம்பு நகர்ந்து வந்து விழுகிறதாம். ஆயா சொன்னதில் பிசகு இல்லை. மேல் ஸ்தாயியைச் சுவர் தடுத்துவிடும். அடித் தொனிக்குச் சுவர் ஒரு பொருட்டே இல்லை. பாடகி தெருவோடு நின்றுவிடுகிறார், தவில்காரர் மட்டும் வீட்டுக்குள் போய்விடுகிறார்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. ஆயா புகார் கொடுத்தால்? பிசிக்ஸ் படிக்கிற பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டு, உங்கள் விதிகளை உட்கார்ந்து படித்தோம். படிக்கப் படிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. இப்படியும் ஒருவனுக்காகப் பார்த்துப் பார்த்து விதி எழுதுவார்களா?

குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 என்று அட்டவணை போட்டிருக்கிறீர்கள். சொந்த ஒலிபெருக்கி வைத்திருப்பவன், தன் இடத்தின் எல்லையில் அதற்குமேல் 5 டெசிபல் வரை போகலாம். ஆக, பகலில் 60. தம்பி கல்லூரியிலிருந்து ஒலிமானி ஒன்றை இரவல் வாங்கி வந்தான். வூஃபரை மட்டும் 50 ஹெர்ட்ஸில் ஓடவிட்டு, ஆயா வீட்டு வாசலில் நின்று பிடித்தான். உள்ளே சொம்பு விழுந்தது. மானியில் விழுந்த எண் 60. அச்சுப் பிசகாமல் அறுபது!

எப்படி என்று தம்பி விளக்கினான். உங்கள் அட்டவணையில் டெசிபலுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'ஏ' என்று ஓர் எழுத்து உண்டு. மனிதக் காதுக்கு ஏற்ற அளவு என்று கீழே குறிப்பும் எழுதியிருக்கிறீர்கள். 1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெச்சர், மன்சன் என்ற இருவர் காது எந்தத் தொனியை எவ்வளவு வாங்கிக்கொள்கிறது என்று அளந்து கோடு போட்டார்கள். மெல்லிய சத்தத்தில் அடித் தொனி காதுக்குச் சரியாக எட்டாது. அந்தக் கோட்டிலிருந்து பிறந்தது 'ஏ'. அதனால் 50 ஹெர்ட்ஸில் என்ன சத்தம் வந்தாலும் மானி 30 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். ஆயா வாசலில் இருந்தது 90. முப்பது தள்ளுபடி போக 60. ஆடிக் கழிவில் கூட இப்படிக் கொடுக்க மாட்டார்கள்.

புகார் விஷயத்திலும் நீங்கள் என்னைக் கைவிடவில்லை. பகலில் அளவை 10 டெசிபல் தாண்டினால்தான் ஒருவர் புகார் கொடுக்கலாம் என்று 7ஆம் விதி சொல்கிறது. அதாவது 65. ஆயா முதலில் மானி வாங்க வேண்டும், அதைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், பிறகும் அது 60தான் காட்டும். நெஞ்சில் இடிக்கிறது என்பதற்கு உங்கள் அட்டவணையில் கட்டம் கிடையாது.

இது நின்றுகொண்டிருக்கிற வண்டிக்கு. ஓடுகிற வண்டிக்கு நீங்கள் செய்திருக்கும் உபகாரத்தை நினைத்தால் பேச்சே வரவில்லை. நீங்கள் சொல்லும் அளவு அந்த நொடியின் அளவல்ல, நேரத்துக்குப் பரப்பிப் போடுகிற சராசரி. பகல் என்றால் 16 மணி நேரம். நான் ஒரு தெருவை இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுகிறேன். அதை 16 மணி நேரத்துக்குப் பரப்பினால் இன்னும் 27 டெசிபல் கழியும், மிஞ்சுவது 33. ஒரு தெருவையே அதிரவைத்துவிட்டுப் போகிறவன், கணக்கில் விடிகாலை உப்பளத்துக்குச் சமமான சாது. போதாததற்கு, தன் இடத்தின் எல்லையில் அளக்க வேண்டும் என்கிறீர்கள். என் எல்லை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கூனிமேடு ஊரைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கிறது. அளக்க வருகிறவர் கூடவே ஓடி வரட்டும்.

அளக்கத்தான் யார் வரப்போகிறார்கள்? நாடு முழுக்கச் சத்தத்தை இரவு பகலாகக் கவனிக்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011 முதல் அமைத்த நிலையங்கள், ஏழு நகரங்களில் 70. தமிழ்நாட்டுக்குச் சென்னை மட்டும். அங்கிருந்து காது நீட்டினால் அனுமந்தை வரை எட்டாது.

வண்டியைக் கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாகத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதைத் தம்பி நினைவுபடுத்தினான். அது போக்குவரத்துத் துறையின் சமாச்சாரம், நம் இருவருக்கிடையே அதை இழுப்பானேன்? அந்தத் துறையின் மத்திய அமைச்சர் நிதின் கட்காரியே, வண்டிகளின் ஹாரன் புல்லாங்குழல், தபேலா, வயலின், ஆர்மோனியம் போல ஒலிக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவர யோசிப்பதாக 2025 ஏப்ரலில் சொன்னார். பட்டியலில் தவில் இல்லை. அந்தக் குறையை நான் ஏற்கெனவே தீர்த்து வைத்திருக்கிறேன் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். விடியுமுன் அளத்துக்கு மூட்டை ஏற்றப் போகும்போது நான் செட்டை அணைத்துவிடுகிறேன். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க, இருட்டிலேயே பெண்கள் பாத்தியில் இறங்கியிருப்பார்கள். இரவில் தரையொட்டின காற்று குளிர்ந்து கிடப்பதால் சத்தம் மேலே போகாமல் வளைந்து, சமதரையில் வெகுதூரம் ஓடும். முன்பு ஒருநாள் பாட்டு வைத்தேன். வரப்பு தாண்டி ஒரு அக்கா, உப்பு இழுக்கிற பலகையைக் கையில் பிடித்தபடியே வந்து, வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. பேசவே இல்லை. மானியும் இல்லை, அட்டவணையும் இல்லை. அன்றிலிருந்து அந்தப் பக்கம் நான் வூஃபரைத் தொடுவதில்லை.

சரி, என் வேண்டுகோள். தம்பி கொண்டுவந்த அதே மானியில் 'ஏ' பக்கத்திலேயே 'சி' என்று ஒரு விசை இருந்தது. சத்தம் பெரிதாகும்போது காது அடித் தொனியையும் நன்றாகவே பிடித்துக்கொள்ளும் என்பதும் அந்த 1933 கோட்டில் உண்டாம், பெரிய சத்தத்துக்கென்று வந்தது 'சி'. தம்பி அதைத் தள்ளிவிட்டான். அதே வாசல், அதே வூஃபர். எண் 60லிருந்து 89க்குப் போயிற்று. ஆயா எட்டிப் பார்த்து, "இப்பதான்டா சரியாக் காட்டுது" என்றது.

உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அந்த விசையை மட்டும் யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குட்டியானைக்காரன்.

நகல்: எதிர் வீட்டு ஆயா (வாய்மொழியாக, பாட்டை நிறுத்திவிட்டு).